களிக்கடைப் பலகை பற்றி நம் வியாபாரிகள் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் அண்ணனுக்கும் செயலாளர் மாமாவுக்கும் பொருளாளருக்கும் மற்ற நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் சங்கத்துப் பையன் ஒரு கவரைக் கொண்டுவந்து கல்லாவில் வைத்துவிட்டு, எப்போதும் எடுக்கிற வடையைக்கூட எடுக்காமல் ஓடிப்போனான். உள்ளே லெட்டர்பேடில் நாலு வரி. என் கடை முகப்பில் இருக்கும் "அரசியல் வாசகம் கொண்ட பலகையை" ஏழு நாளுக்குள் எடுத்துவிட வேண்டுமாம், இல்லையென்றால் உறுப்பினர் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்குவது பற்றிச் செயற்குழு முடிவெடுக்குமாம். கையெழுத்துப் போட்ட மூன்று பேரும் அன்று காலையில் அந்தப் பலகைக்குக் கீழே நின்றுதான் டீ குடித்தீர்கள். வாயால் சொல்லியிருக்கலாம். சரி, எழுத்தில் கேட்டுவிட்டீர்கள், நானும் எழுத்திலேயே சொல்கிறேன். கவரில் போடாமல் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கடிதமும் என் கைக்கு வருவதற்கு முன்னாடியே வாட்ஸ்அப்பில் பாதி ஊர் சுற்றி வந்துவிட்டது.

பார்க்காதவர்களுக்காகப் பலகையில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். "இங்கு எல்லாருக்கும் ஒரே டம்ளர். வேறு டம்ளரில் கொடு என்பவர்களுக்கு டீயும் இல்லை, களியும் இல்லை." அவ்வளவுதான். மூன்றடிக்கு இரண்டடித் தகரம். எழுத வந்த பெயின்டர் என்ன கலரில் எழுதட்டும் என்று கேட்டார். கறுப்பு சிவப்பு என்றால் ஒரு கட்சி, மஞ்சள் என்றால் இன்னொன்று, நீலம் என்றால் வேறொருத்தர், காவி பேச்சே வேண்டாம், பச்சைக்கும் ஆள் இருக்கிறது. கடைசியில் வெள்ளைத் தகரத்தில் காப்பித்தூள் நிறத்தில் எழுதச் சொன்னேன். இவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதியும் அரசியல் என்கிறீர்கள்.

அரசியல்தான். அதை மறுக்கப் போவதில்லை.

எப்படி வந்தது இந்தப் பலகை என்று சொல்லிவிடுகிறேன். பங்குனி கடைசி, புளி சீசன். மண்டியில் புளி தட்டுகிற வேலைக்கு வரும் காலனியம்மா ஒருத்தர், கூடவே பேரன், பத்து வயசு இருக்கும். மத்தியானம் பார்சல் களி வாங்க வந்தார்கள். பையனுக்கு டீ வேண்டும் என்றான். டீ மாஸ்டர் கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தார். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நம்ம வாடிக்கைக்காரர் ஒருத்தர், தலையை நிமிர்த்தாமலே, "பேப்பர் கப்புல குடுப்பா" என்றார். கோபமாகவோ அதட்டியோ சொல்லவில்லை. சர்க்கரை கம்மியா போடு என்பது மாதிரிதான் சொன்னார். மாஸ்டரும் அதே மாதிரி, கை தன்பாட்டுக்குப் போக, டம்ளரில் இருந்த டீயைக் கப்பில் கவிழ்த்துக் கொடுத்தார். பையனுக்குச் சூடு தாங்கவில்லை. கப்பின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றி, ரோட்டோரமாகப் போய் நின்று ஊதி ஊதிக் குடித்தான். பெஞ்சில் இடம் இருந்தது. நான் களிப்பானைக்கு முன்னால் துடுப்பும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. உருண்டை பிடித்துப் பார்சல் கட்டி, காசு வாங்கிக் கல்லாவில் போட்டேன்.

ராத்திரி கணக்கு எழுதும்போதுதான் மாட்டிக்கொண்டேன். எனக்கு எல்லாவற்றையும் நோட்டில் எழுதும் பழக்கம், மாமனார் போட்டுக் கொடுத்தது. மாசாமாசம் பேப்பர் கப் என்று ஒரு வரி வருகிறது. யாருக்கு வாங்குகிறேன்? பார்சல் டீ என்றால் வீட்டிலிருந்து தூக்குவாளியோ பிளாஸ்க்கோ கொண்டு வருகிறார்கள். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் கண்ணாடி டம்ளரில்தான் குடிக்கிறார்கள். அப்படியானால் அந்தக் கப் எல்லாம் யாருடையது? தெரியாமல் வாங்கினேன் என்று சொல்ல முடியாதபடி என் கையெழுத்திலேயே இருக்கிறது, வருஷக்கணக்காக. இத்தனைக்கும் 2019 ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்கும் சேர்த்துத்தான் தமிழ்நாட்டில் தடை. அதிகாரி வருகிறார் என்றால் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைப்போம், நீங்களும்தான். ஒரு கப்பை வைத்து இரண்டு சட்டத்தை மீறுவதற்கு நம் ஊர் டீக்கடைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் கடைக் கதையையும் மறைக்காமல் சொல்கிறேன், அப்புறம் யாராவது எடுத்துக் கொடுப்பீர்கள். மாமனார் காலத்தில் அது கூரைக்கடை. நான் கல்யாணமாகி வந்தபோது எரவாணத்தில் நாலு அலுமினிய டம்ளர் செருகி இருக்கும். ஒன்றுக்கு விளிம்பு நசுங்கி இருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. காலனியிலிருந்து வருகிறவர்கள் அவர்களாகவே எடுப்பார்கள், மாமனார் எட்ட நின்று ஊற்றுவார், குடித்துவிட்டு அவர்களே கழுவித் திரும்ப எரவாணத்தில் செருகிவிட்டுப் போவார்கள். மாமனார் கெட்டவர் இல்லை. எத்தனையோ பேருக்குப் பாக்கியைத் தள்ளிவிட்டவர், பஞ்ச காலத்தில் களிக்குக் காசு வாங்காதவர், அதே காலனி ஆளுக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் கொடுத்தவர். டம்ளர் மட்டும் வேறு. அப்புறம் கூரையைப் பிரித்துத் தளம் போட்டோம். எரவாணம் இல்லை, டம்ளரைச் செருக இடமில்லை, காணாமல் போனது. யாரும் உட்கார்ந்து பேசி இனிமேல் வேண்டாம் என்று முடிவு செய்யவில்லை. அதனால்தான் கொஞ்ச வருஷத்தில் பேப்பர் கப் வந்ததும் அது அந்த இடத்தில் போய் அழகாக உட்கார்ந்துகொண்டது. இப்போது யாராவது கேட்டால், "சுத்தம்ங்க, சுகாதாரம்ங்க" என்கிறோம். சுகாதாரம் என்றால் தலைவர் அண்ணன் ஏன் கண்ணாடி டம்ளரில் குடிக்கிறார்?

இப்போது உங்கள் பேச்சுக்கு வருகிறேன். வியாபாரி பொதுவான ஆள், வியாபாரிக்கு அரசியல் ஆகாது என்று செயலாளர் மாமா என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். மாமா, பந்த் என்று எந்தக் கட்சி சொன்னாலும் முதலில் ஷட்டரை இறக்கச் சொல்லி ஃபோன் போடுவது யார்? ஜூலை 23 வந்தால் சுப்பிரமணிய சிவா நினைவு நாள் என்று பாப்பாரப்பட்டிக்கு வேன் வைத்து மாலையோடு போகிறீர்கள். 1925இல் அந்த மனுஷன் உயிரை விட்ட ஊர், போக வேண்டியதுதான், நானும் வந்திருக்கிறேன். அவர் என்ன புளி வியாபாரமா செய்தார்? ஜெயிலுக்குப் போய் உடம்பைக் கெடுத்துக்கொண்டவர். போன தேர்தலுக்கு நம் கடைத்தெரு முழுக்கக் கொடி கட்டியிருந்தது. என் கடை முகப்பில் யாரைக் கேட்டுக் கட்டினார்கள்? ஒரு கட்சிக்காரர் பிரச்சாரத்துக்கு வாங்கிப்போன சாப்பாட்டுப் பார்சல் பாக்கி இன்னும் நோட்டில் இருக்கிறது, அது வேறு கதை. சாதிச் சங்கத் தலைவர் பிறந்தநாளுக்கு நம்ம சங்கத்தின் பெயரிலேயே ஃபிளெக்ஸ் வைத்தீர்கள், என் சந்தாவும் சேர்ந்துதான் அதில் இருக்கிறது. அப்போதெல்லாம் வராத அரசியல் டம்ளரைப் பற்றி எழுதியதும் வந்துவிட்டதா?

சாப்பாட்டுக் கடைப் பலகை என்றைக்கு அரசியல் இல்லாமல் இருந்தது? சென்னையில் திருவல்லிக்கேணி முரளி கபே பலகையில் இருந்த "பிராமணாள்" என்ற ஒரே ஒரு சொல்லை அழிக்கச் சொல்லி 1957இல் பெரியார் கட்சிக்காரர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து ஜெயிலுக்குப் போனார்கள். இந்தப் பக்கம் 2024 ஜூலையைப் பாருங்கள், உத்தரப் பிரதேசத்தில் கன்வர் என்கிற காவடி யாத்திரை போகிற வழியில் இருக்கிற ஓட்டல், தள்ளுவண்டி எல்லாவற்றிலும் முதலாளி பேரை எழுதிப் போடச் சொன்னார்கள். பேரைப் பார்த்து மதத்தைத் தெரிந்துகொள்வதற்குத்தானே? 22ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. என்ன சாப்பாடு விற்கிறாய் என்று எழுதச் சொல்லலாம், நீ யார் என்று எழுத வைக்க முடியாது என்பதுதான் அந்த இடைக்கால உத்தரவின் சாரம். ஒரு பலகையில் ஒரு சொல் இருப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் இவ்வளவு நடந்திருக்கிறது. என் பலகையில் குழந்தைகூடப் படித்துப் புரிந்துகொள்ளும் இரண்டே வாக்கியம்.

இன்னொன்று. நான் பலகை வைப்பதற்கு முன்னாடி என் கடையில் பலகையே இல்லையா? பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் கப்பில் கொடு என்று ஒருத்தர் சொன்னார், நான் கொடுத்தேன். அதுதான் பலகை. பெயின்ட் அடிக்காத பலகை. அது என் மாமனார் காலத்திலிருந்து தொங்கியது, அதை எடுக்கச் சொல்லி எந்தச் சங்கமும் ஏழு நாள் கெடு கொடுக்கவில்லை.

சட்டக் கல்லூரியில் படிக்கும் என் மகள் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அரசியல் சாசனத்தில் 15ஆவது பிரிவிலேயே கடை, ஓட்டல் என்று பேர் சொல்லி எழுதியிருக்கிறது, சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்று. 1955இல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள், இப்போது அதற்குக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பேர். அதன் 4ஆவது பிரிவில் ஓட்டலில் வைத்திருக்கிற பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் செய்தால் குற்றம் என்று பாத்திரம் வரைக்கும் வருகிறது. ஒரு மாசத்திலிருந்து ஆறு மாசம் வரை ஜெயில், அதோடு அபராதம். இதைவிட நம் சங்கத்துக்கு முக்கியமானது 6ஆவது பிரிவும் 8ஆவது பிரிவும். மற்றவர்களுக்குக் கொடுக்கிற மாதிரியே கொடுக்க மறுப்பது 6ஆவது பிரிவில் குற்றம், அதில் தண்டனை கிடைத்தால் கடை லைசென்ஸையே ரத்து செய்யவோ நிறுத்திவைக்கவோ 8ஆவது பிரிவின்படி கோர்ட்டு உத்தரவிடலாம். பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களின் வியாபாரத்தைக் காப்பாற்றுவதுதான் சங்கத்தின் வேலை என்று ஒவ்வொரு பொதுக்குழுவிலும் வாசிக்கிறீர்கள். அப்படிப் பார்த்தால் என் பலகைக்குச் சங்கமே காசு கொடுத்திருக்க வேண்டும்.

சட்டம் எல்லாம் சரி, எங்கேயோ நடப்பது என்று யாரும் சொல்ல வேண்டாம். நம்ம தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூர் பக்கத்தில் 2024 பிப்ரவரியில் தோட்ட வேலைக்குப் போன பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றிக் கொடுத்த விஷயம் வீடியோவாக வந்து, கேஸாகி, இரண்டு பெண்களைக் கைது செய்தார்கள். கொட்டாங்குச்சி என்றதும் நம் கடைத்தெருவில் எல்லாரும் "சே, இந்தக் காலத்திலுமா" என்று உச்சுக்கொட்டினோம். நானும் கொட்டினேன், அதைச் சொல்லிக்கொண்டே பேப்பர் கப்பில் டீ ஊற்றினேன்.

தலைவர் அண்ணன் பயப்படுவது எதற்கு என்று எனக்குத் தெரியும், அதைக் கிண்டல் செய்ய மாட்டேன். 2012 நவம்பர் 7ஐ மறந்தவர்கள் இந்த மாவட்டத்தில் யார் இருக்கிறார்கள்? ஒரு பெண்ணும் பையனும் சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டதைத் தொடர்ந்து நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்று காலனியிலும் வீடு வீடாக எரிந்தது. அதற்கப்புறம் எங்கே என்ன பேச்சு வந்தாலும் வியாபாரிக்குத்தான் முதலில் அடிவயிறு கலங்கும், ஷட்டர் எப்போது இறக்க வேண்டியிருக்குமோ என்று. "உன் பலகையால ஒரு பொறி விழுந்துச்சுன்னா எரியுறது என் துணிக்கடைதான் தங்கச்சி" என்று அண்ணன் என்னிடம் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. என் கடையிலும் ஒரு கண்ணாடி ஷோகேஸ் இருக்கிறது, தவணை இன்னும் முடியவில்லை. ஆனால் நாலு நாள் யோசித்துப் பார்த்தேன் அண்ணா. நத்தத்தில் எரிந்த வீடுகளில் யாரும் பலகை வைத்திருக்கவில்லை.

வெளியூரில் நாம் எப்படி இருக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். நம் பக்கத்து ஆம்பிளைகளில் பாதிப் பேர் பெங்களூர் கட்டட வேலை. என்னிடம் பேப்பர் கப் கேட்ட அதே மனிதர் பதினைந்து வருஷம் அங்கே மேஸ்திரியாக இருந்தவர். அங்கே தர்ஷினி என்கிற ஓட்டலில் உயரமான மேசையைச் சுற்றி யாரோ எவரோ நாலு பேரோடு தோள் இடிக்க நின்று இட்லி தின்றிருப்பார், யார் குடித்த டம்ளர் என்று ஒரு நாளும் கேட்டிருக்க மாட்டார், அங்கே கேட்டால் பார்த்துச் சிரிப்பார்கள். ஊர் எல்லையில் பஸ் இறங்கியதும் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. அவரைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை, அவர் எனக்குச் சொந்தம், உங்களில் பாதிப் பேருக்கும் நான் சொந்தம்தான். அதனால்தான் இத்தனை கோபம் என்று தெரியும். காலனியிலிருந்து ஒருத்தர் இந்தப் பலகையை வைத்திருந்தால் கடிதமா கொடுத்திருப்பீர்கள்?

வியாபாரம் என்ன ஆனது என்று எல்லாரும் கேட்கிறார்கள், சொல்லிவிடுகிறேன், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. பாலில் நாளுக்கு மூன்று லிட்டர் குறைத்துவிட்டேன். காலை வேளை பெஞ்சு காலியாகத்தான் இருக்கிறது. களி வியாபாரம் அவ்வளவாக அடிவாங்கவில்லை, கருவாட்டுக் குழம்பு வைக்கிற புதன்கிழமை கொள்கையைத் தள்ளிவைத்துவிட்டுப் பின்பக்கமாகப் பார்சலுக்கு ஆள் அனுப்புகிறார்கள், பெயர் சொல்ல மாட்டேன். பாக்கியோடு நின்றுபோனவர்கள் நாலு பேர். கொள்கைக்காகக் கடையை விடுகிறவர்கள் பாக்கியைத் தீர்த்துவிட்டு விட்டிருக்கலாம். லாரியில் போயிருக்கும் வீட்டுக்காரருக்கு ராத்திரி பதினோரு மணிக்கு யாரோ ஃபோன் செய்து, உன் பொண்டாட்டியை அடக்கி வை என்றார்களாம். அவர் நாக்பூர் பக்கத்திலிருந்து எனக்குப் போட்டு, "பெயின்ட்டுக்குக் காசு குடுத்தாச்சுல்ல, அப்புறம் என்ன, இருக்கட்டும்" என்று வைத்துவிட்டார். அவர் பேச்சு எப்போதும் அவ்வளவுதான்.

காலனி ஆட்கள் எல்லாம் வரிசையில் வந்து எனக்கு மாலை போட்டார்கள் என்று யாராவது நினைத்தால் அதுவும் இல்லை. அந்தப் புளிக்காரம்மா மூன்று வாரம் கடைப்பக்கமே வரவில்லை. வழியில் பார்த்துக் கேட்டதற்கு, "எங்களால உனக்கு எதுக்கும்மா வம்பு" என்று நடையை எட்டிப்போட்டார். காலேஜ் படிக்கிற காலனிப் பையன் ஒருத்தன் நேராகவே வந்து கேட்டான், "டம்ளர்ல குடுத்தா போதும்ல அக்கா, அதை எதுக்கு போர்டு எழுதி மாட்டுறீங்க, எங்களுக்குச் சேர வேண்டியதைக் குடுக்குறதுக்கு உங்களுக்கு விளம்பரமா?" சுருக்கென்றது. பாதி உண்மை இருக்கிறது என்பதால்தான் சுருக்கென்றது. அவனிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். பலகை அவனுக்காக எழுதியது இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து கப்பைக் கேட்கிறவருக்காகவும், துடுப்பைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நின்ற எனக்காகவும் எழுதியது. ஒவ்வொரு தடவையும் வாய் திறந்து சொல்ல எனக்குத் தைரியம் வராது, எதிரில் இருப்பது மாமாவாகவும் சித்தப்பாவாகவும் இருப்பார்கள். பலகை இருந்தால் கையைக் காட்டினால் போதும். அவன் நம்பினானா தெரியாது, ஆனால் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுக் காசு வைத்துவிட்டுப் போனான்.

சரி, உங்கள் கெடுவுக்கு வருகிறேன். பலகையை எடுக்க நான் தயார், நிஜமாகத்தான் சொல்கிறேன், எனக்கும் அது ஆசையில்லை. நம் கடைத்தெருவில் டீக்கடையும் ஓட்டலும் பேக்கரியுமாகப் பதினேழு இருக்கிறது. யார் வந்தாலும் ஒரே டம்ளர், ஒரே பெஞ்சு, பேப்பர் கப் கிடையாது என்று சங்கம் ஒரு தீர்மானம் போட்டு, அதே லெட்டர்பேடில், அதே மூன்று கையெழுத்தோடு பதினேழு கடைக்கும் அனுப்புங்கள். ஒரு மாசம் நடக்கட்டும். பதினேழில் ஒரு கடையில்கூடக் கவிழ்த்து ஊற்றவில்லை என்றால் அன்றைக்கு நானே ஏணி போட்டு இறக்கிவிடுகிறேன், தகரம் நல்ல தகரம், கோழிக்கூண்டுக்கு ஆகும். அது முடியாது என்றால் பேரை நீக்கிக்கொள்ளுங்கள். ஆனால் இந்த வருஷத்துச் சந்தா கட்டிய ரசீது என்னிடம் இருக்கிறது, மீதி மாசத்துக்கான பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருக்கும், பொருளாளர் கணக்கில் வைத்துக்கொள்ளவும்.

அப்புறம், செவ்வாய்க்கிழமை செயற்குழு என்று கேள்விப்பட்டேன். வழக்கமாகக் கூட்டத்துக்கு டீ என் கடையிலிருந்துதான் போகும், இந்தத் தடவையும் அனுப்பவா வேண்டாமா என்று யாரும் சொல்லவில்லை. பதினோரு பேர் வருவீர்கள் என்று வைத்து ஒரு டஜன் கண்ணாடி டம்ளர் கழுவி எடுத்து வைத்திருக்கிறேன். பேப்பர் கப் கடையில் ஸ்டாக் இல்லை. தலைவர் அண்ணனுக்குச் சர்க்கரை இல்லாமல் தனியாகப் போட்டுவிடுகிறேன், மற்றவர்களுக்கு எப்படி என்று மட்டும் திங்கட்கிழமைக்குள் பையனிடம் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தருமபுரி – அரூர் ரோடு களிக்கடைக்காரி